ஈரலுக்குக் கொழுப்பெடுத்துப் போச்சாமா!

வாடா கண்ணு, அப்பிடித் திண்ணையில உக்காரு. ஸ்கேன் ரிப்போர்ட்டை இங்க குடு பாக்கலாம். "கிரேடு 1 ஃபேட்டி லிவர்". அட, பள்ளிக்கூடத்துல ஒரு நாளும் மொதல் கிரேடு வாங்காத பய, ஈரல்ல வாங்கிட்டியே! உங்க அமுச்சிகிட்டச் சொல்லி ஒப்பிட்டு சுடச் சொல்லலாம்னு பாத்தேன். அதுல வெல்லப் பூரணம் இருக்குது, உனக்கு ஆகாதாம்.

இந்த மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் அப்பிச்சி பேச்சைக் கேக்கறதான்னு யோசிக்கறே. கேக்காதே. டாக்டர்கிட்டப் போ, அவரு எழுதற ரத்த டெஸ்ட்டை எடு, சக்கரை இருக்குதான்னு பாரு. நான் பேசறது சோத்துப் பேச்சு மட்டும். பல்லெல்லாம் போனதுக்குப் பொறவும் தின்னுக்கிட்டுத்தானே இருக்கறேன், அந்த உரிமை எனக்கு உண்டு.

பிரான்சு நாட்டுல வாத்து வளக்கறாங்க. அது வாயில குழாயைச் சொருவி, ரெண்டு வாரம் போல மக்காச்சோளத்தை நேரா உள்ள எறக்கறாங்க. அந்த மாவெல்லாம் கொழுப்பாகி ஈரல் பல மடங்கு ஊதிப்போகும். அப்புறம் அறுத்து, ஃபுவா கிரான்னு பேர் வெச்சு ஆனை வெலைக்கு விக்கறாங்க. வாத்தை அமுக்கிப் புடிக்கறதுக்குக் கூலிக்கு ஆள் வேணும். உனக்கு அந்தச் செலவே இல்லை சாமி. போனை ஒரு தட்டு தட்டுனா ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டாவும் பாட்டல் கலரும் வாசலுக்கு வந்துருது, நீயே வாயைத் தொறந்துக்கறே. வாத்தாவது ஒரு சத்தம் போடும்.

"எண்ணெயை நிறுத்திட்டனுங்க அப்பிச்சி"ங்கறே. சரி. ஆனா ஈரல்ல சேர்ற கொழுப்புல ஒரு பங்கை ஈரலே சமைக்குது. நீ போட்ட சக்கரையும் மைதாவும்தான் அதுக்கு அரிசி பருப்பு. சீனியில பாதி ஃபிரக்டோஸ். அதைக் கையாள்ற வேலையில பெரும்பங்கு ஈரல் தலையிலதான் விழுகுது. நாட்டுச்சக்கரைக்கு மாறிட்டேன்னு நெஞ்சை நிமித்தறயே, அதுலயும் அதேதான் இருக்குது. கலர் மட்டும் நம்மூர்க் கலர்.

அப்புறம் காலையில ஜூஸ் குடிக்கறயாமா. நாலு பழத்தைப் புழிஞ்சு தண்ணியை நீ குடிச்சுட்டு, சக்கையைக் குப்பையில போடறே. ஈரலுக்கு ஆகறது குப்பைக்கு, ஆகாதது உனக்கு. பங்காளி சண்டையிலகூட இப்பிடி ஒரு பாகப்பிரிவினையை நான் பாத்ததில்லை.

அந்தச் சக்கையில இருக்கற நாரு என்ன பண்ணும்னு உன்ற தங்கச்சி எனக்குப் படிச்சுக் காட்டுனா. சத்துணவுப் படிப்புப் படிக்கறவ, உன்னைமாதிரியில்லை. வெண்டைக்காய், வெந்தயம்னு கொழகொழன்னு இருக்கற நாரு, சக்கரை ரத்தத்துல விறுவிறுன்னு ஏறாமப் பாத்துக்கும். பித்தத்தையும் புடிச்சுக்கிட்டு வெளியே போயிரும். பித்தம் கொறைஞ்சுபோச்சேன்னு ஈரல், கொலஸ்ட்ராலை எடுத்துப் புதுசாக் காய்ச்சும். மிச்ச நாரு பெருங்குடலுக்குப் போனா, அங்க கோடிக்கணக்குல கெடக்கற நுண்ணுயிருக்குச் சோறு. அதுக அதைப் புளிக்க வெச்சு பியூட்டிரேட், புரோப்பியோனேட்னு சின்னச் சின்ன கொழுப்பு அமிலமாக் குடுக்கும். குடல் சுவரு ஒழுகாம இருக்கறதுக்கு அதுதான் பூச்சு. குடல் ஒழுகுனா ஈரலுக்கென்னங்கறியா? ஈரலுக்குப் போற ரத்தத்துல முக்காவாசி குடல் பக்கமிருந்து ஒரே குழாயில வர்றது. அங்க என்ன அழுக்குக் கசிஞ்சாலும் மொதல் வரவு ஈரல் வாசல்லதான்.

ஒரு நாளைக்குக் கொறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்து வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல சொல்லிப்போடுச்சு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட அட்டவணைப்படி, நூறு கிராம் வெள்ளை அரிசியில 3 கிராம்கூட இல்லை. ராகியில 11. முழுப் பச்சைப்பயிறுல 17. நூறு கிராம் ராகி மாவுல களி கிண்டி, ஐம்பது கிராம் பயிறைக் கடைஞ்சு ஊத்துனா 19 கிராம் வந்துருச்சு. முருங்கைக்கீரை ஒரு கை, கொய்யா ஒன்னு சேந்தா கணக்கு முடிஞ்சுது. மாவைச் சல்லடையில நைசாச் சலிச்சுப்போட்டு தவுட்டை மாட்டுக்கு வெக்காதே. ராகியில இருக்கற பாலிஃபீனாலுங்கற துவர்ப்புச் சரக்குல பெரும்பங்கு அந்தத் தவுட்டுத் தோல்லதான். நம்ம எருமைக்கு எந்த கிரேடும் இல்லாததுக்கு அதுதான் காரணமோ என்னமோ. கடையில விக்கற சிறுதானிய பிஸ்கட்டையும் கணக்குல சேத்தாதே. அதுல சிறுதானியம் அட்டையில இருக்கற படத்துலதான் நெம்ப இருக்குது.

இந்தத் துவர்ப்புச் சரக்கு சும்மா கதையில்லை. இஸ்ரேல்ல 294 பேரை வெச்சு 18 மாசம் பாத்து, 2021ல எழுதுனாங்க. எல்லாத்தையும் ஒடம்பை ஆட்டி வேலை செய்யச் சொல்லியிருக்காங்க. வெறும் நல்ல சாப்பாட்டு அறிவுரை கேட்ட கூட்டத்துக்கு ஈரல் கொழுப்பு 12 சதவீதம் கொறைஞ்சுது. மத்தியதரைக்கடல் சாப்பாட்டுக்காரங்களுக்கு 20. அதே சாப்பாட்டோட கறியைக் கொறைச்சு, அந்தத் துவர்ப்புச் சரக்கு நெறைஞ்ச பச்சைத் தேயிலைத் தண்ணியும், குளத்துல மிதக்கற ஒரு குட்டிப் பச்சைச் செடியை அரைச்சும் குடிச்சவங்களுக்கு 39. அந்தச் செடி என்னன்னு கேட்டேன். வாத்து தின்ற பாசியோட சாதியாமா! அங்க மனுசன் வாத்துத் தீனி தின்னு ஈரலைத் தேத்தறான், பிரான்சுல வாத்து மனுசன் தீனி தின்னு ஈரலைக் கெடுத்துக்குது. நீ எந்தப் பக்கம்னு நான் கேக்கலை.

பழைய சோத்தைப் பத்தி நீயே கேப்பேன்னு தெரியும். சீனாவுல 200 பேரை ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்குச் சிறுகுடல்ல செரிக்காத மாவை தெனமும் 40 கிராம் நாலு மாசம் குடுத்துப் பாத்ததுல ஈரல் கொழுப்புக் கொறைஞ்சுது, 2023ல வந்த சேதி. ஆறிப்போன சோத்துல அந்த ரகம் மாவு கொஞ்சம் கூடறது நெசம். ஆனா 40 கிராம் சேரோணும்னா நீ சட்டியோட முழுங்கோணும். ஒரு கிண்ணம் குடி, சின்ன வெங்காயத்தைக் கடி, அதோட எந்திரி.

எந்த நாரையும் ஒரேயடியா ஏத்தாதே. மெதுவாக் கூட்டு, தண்ணி நல்லாக் குடி. இல்லாட்டி ஏசி ரூம்ல நீ வாயைத் தொறக்காமலே எல்லாருக்கும் சேதி போயிரும்.

எடை எத்தனை, எம்பது கிலோவா? நாலு கிலோ எறங்குனாலே கொழுப்பு கரைய ஆரம்பிக்குமாம். ஆறுல இருந்து எட்டுக் கிலோ எறங்குனா ஈரல்ல வீக்கம் இருந்தாலும் வடியும். களியை பரோட்டாவுக்குப் பதிலாத் தின்னாத்தான் எறங்கும், பரோட்டாவுக்கு மேல தின்னா ஏறும். அந்த வாரக் கடைசிக் கச்சேரியும் வேண்டாம். நான் ஒன்னும் பாக்கலை, பாட்டல் சத்தம் மட்டும் கேட்டுச்சு. காப்பி குடிக்கறவங்களுக்கு ஈரல் கெட்டிப்படறது கொறைச்சலா இருக்குதுன்னு நெறையா ஆராய்ச்சி சொல்லுது. சக்கரை போடாமக் குடி, மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே குடி.

இப்பப் பையில இருக்கற அந்த டப்பாவை எடு. "ஈரலைக் கழுவும் மூலிகைப் பொடி". கழுவறதுக்கு அதென்ன வெங்கலச் சட்டியா? மஞ்சள் கொழம்புல இருக்கற வரைக்கும் சாது. அதையே மிளகுச் சத்தோட சேத்து மாத்திரையா அடைச்சுத் தின்னு ஈரல் வீங்கிப்போனவங்க உண்டு. பச்சைத் தேயிலைச் சத்து மாத்திரையிலயும் அப்பிடி நடந்திருக்குது. சீந்தில்கொடியைக் கசாயமாக் குடிச்சு ஈரல் நோய் வந்தவங்களைப் பத்தி மும்பை டாக்டருங்க 2021ல எழுதியிருக்காங்க. இந்தப் பொடியில என்னென்ன இருக்குதுன்னு அட்டையில ஒரு எழுத்தும் காணோம். அதைத் தென்னைமரத்துக்கு அடியில கொட்டிப்போட்டு, டப்பாவை நல்லாக் கழுவிக் கொண்டா. மூடி இறுக்கமா இருக்குது, உங்க அமுச்சி கொள்ளு போட்டு வெக்க ஒன்னு கேட்டுக்கிட்டே இருக்கறா.