ஜீப் உபாசகர்

முன்சக்கரங்கள் இரண்டும் கழற்றப்பட்டு, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் அந்தரத்தில் நிற்கும் பழைய மகிந்திரா ஜீப் ஒன்றும், அதன் அடியிலிருந்து வெளியே நீண்டிருக்கும் இரண்டு பாதங்களும் ஒரு வீட்டு வாசலில் தென்படுமானால், அப்பாதங்களுக்கு உரியவரே நம் கதாநாயகர். சாலையில் பள்ளத்தைக் கண்டால் நாமெல்லாம் நகராட்சியைச் சபிக்கிறோம். அவரோ ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கி, ஒரு சக்கரம் இதில் முழுவதும் இறங்கினால் மறு சக்கரம் எவ்வளவு உயரும் என்று சாணால் அளந்து, முகமலர்ச்சியோடு வீடு திரும்புவார்.

1941-இல் வில்லிஸ் ஜீப்பைச் சிருஷ்டித்தவர்கள் முன்னச்சை இரண்டு லீஃப் ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்காரவைத்துத் திருப்தியடைந்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தீராத மனஸ்தாபம். 1970-லேயே ரேஞ்ச் ரோவருக்கு நான்கு சக்கரத்திலும் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டதே என்று கல்யாணப் பந்தியில் ஆரம்பித்தாரானால், பக்கத்து இலைக்காரர் பாயசத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆகவே பட்டைகளைக் கழற்றிவிட்டுக் காயில் ஸ்பிரிங் வைப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டார். பட்டை பாரத்தையும் சுமந்து, அச்சையும் இடம்பெயராமல் பிடித்துக்கொள்ளும். காயில் ஸ்பிரிங்குக்குச் சுமக்க மட்டுமே தெரியும். அச்சு முன்பின் ஓடாதிருக்க நான்கு இரும்புக் கரங்கள், பக்கவாட்டில் நழுவாதிருக்கப் பானார்டு ராடு என்ற குறுக்குத் தண்டு எல்லாம் அவரே செய்தாக வேண்டும். அத்தண்டும் ஸ்டியரிங்கிலிருந்து வரும் டிராக் லிங்க்கும் ஒரே நீளத்தில், ஒரே சாய்வில் அமையாவிட்டால், சக்கரம் மேடேறும்போதெல்லாம் ஸ்டியரிங் தன்னிச்சையாகத் திரும்பும். அதைச் சரிசெய்தால் தண்டு எஞ்சினின் ஆயில் சம்ப்பில் இடிக்கும்; இடிக்காதிருக்க அச்சை முன்னே தள்ளினால் புரொப்பெல்லர் ஷாப்ட் எட்டாது; ஷாப்டின் கோணத்துக்காக அச்சைப் புரட்டி மூக்கை நிமிர்த்தினாலோ, காஸ்டர் என்னும் பின்சாய்வு குறைந்து, நேராக ஓடும் சுபாவத்தையே வண்டி இழந்துவிடும்.

இவ்வளவுக்கும் கணக்கு எழுதும் பலகை வாசல் தரைதான். சேஸிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடிட்டு இணைப்பார். தம் புள்ளி எது, தாயார் விடியற்காலையில் வைத்த கோலப் புள்ளி எது என்ற பேதம் தெரியாமல் ஒரு தடவை கரமொன்றை இரண்டங்குலம் குறைத்து அறுத்துவிட்டார். அன்று முதல் அவ்வீட்டு வாசலில் கோலம் கிடையாது.

"மேஸ்திரி, முழு வெல்டிங் வேண்டாம், பொட்டு மட்டும் வையுங்க."

"போன வாரமும் பொட்டுதானே சார் வச்சேன்? நீங்கதானே கிரைண்டரைப் போட்டு அறுத்தீங்க!"

வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளர் குறித்தபடியன்றி மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்லுகிறது. அதை அவருக்கு எடுத்துரைக்க யாரும் முன்வந்ததில்லை. வண்டி தெருவுக்கு வந்தாலல்லவா அந்த விவகாரம்?

"ஏங்க, பழையபடி அந்தப் பட்டையையே மாட்டிடுங்களேன்" என்று மனைவியார் சமையலறையிலிருந்து ஒரு நாள் யோசனை சொன்னார். அந்தப் பட்டைகளோ, மேஸ்திரியின் அடுத்த பட்டறைக்காரர் உலையில் காய்ந்து, அடிபட்டு, அரிவாள்களாகி எத்தனையோ மாதங்களாகிவிட்டன. அவற்றில் ஒன்றை வைத்துத்தான் அம்மையார் அப்போது தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.