மகரிஷிகளும் சதுர அடியும்

மகாராஷ்டிரத்தில் நாலைந்து கல்லூரிகளுக்கு அதிபதியாகிவிட்டால் 'சிக்ஷண் மகரிஷி' என்று பட்டம் தருகிறார்கள். பிளெக்ஸ் போர்டில், சால்வை போர்த்திய படத்துக்குக் கீழே, கூச்சமே இல்லாமல் அச்சடிக்கிறார்கள். புராணத்து மகரிஷிகள் உட்கார்ந்த இடத்தில் அவர்களைச் சுற்றிப் புற்று வளர்ந்தது. இவர்களைச் சுற்றி வளர்வது காம்பவுண்டுச் சுவர். கோடை விடுமுறைக்குக் கோடை விடுமுறை அது பத்தடி வெளியே நகரும்.

நான் குடியிருக்கும், புனேயை ஒட்டிய வாகட், 1997-இல் பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சியோடு சேரும்வரை ஒரு கிராமம். பக்கத்து ஹிஞ்சவாடிக்கு ஐ.டி. பார்க் வந்தது, வாகட்டில் ஏக்கர் போய்ச் சதுர அடி வந்தது. இங்கே மண்ணில் அடுக்குமாடி போட்டால் ஒரே அறுவடை, விற்றால் முடிந்தது. கல்லூரி போட்டால் வருஷா வருஷம் அறுவடை. நிலமும் கையை விட்டுப் போகாது, வருமான வரி விலக்கும் உண்டு, மேலே மகரிஷிப் பட்டம் வேறு. புத்தியுள்ளவன் எதைப் போடுவான்? எந்தக் கல்லூரியையும் பெயர் சொல்ல மாட்டேன். ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் 'எங்களை ஏன் விட்டாய்' என்று கோபித்துக்கொள்வார்கள்.

1983-இல் முதலமைச்சர் வசந்த்தாதா பாட்டீல், மானியம் வாங்காத தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அதுவரை இங்கத்திப் பிள்ளைகள் கர்நாடகத்துக்குப் போய் நன்கொடை கொடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணம் ஏன் எல்லை தாண்ட வேண்டும் என்று தேசபக்தி பொங்கியது. பொங்கிய வேகத்தில், நாலே வருஷத்தில், 1987-ஆம் வருஷத்து நன்கொடைத் தடைச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சட்டம் ஒழித்தது ரசீதை மட்டும்தான். பிறகு 2005-இல், பி.ஏ. இனாம்தார் எதிர் மகாராஷ்டிர அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, கல்வியில் கொள்ளை லாபமும் கூடாது, நன்கொடையும் கூடாது என்றார்கள். வழக்கின் பெயரில் இருப்பவர் எங்கள் புனேக்காரர். எங்கள் ஊருக்கு எவ்வளவு பெருமை பாருங்கள்.

லாபம்தானே கூடாது? செலவு செய்யலாமே! கல்லூரி நடத்துவது அறக்கட்டளை. கட்டடம் நிற்கிற நிலம் தலைவர் வீட்டுக் கம்பெனியுடையது. அதற்கு அறக்கட்டளை வாடகை கொடுக்கும். பஸ் மூத்த மகனுடையது. மெஸ் கான்ட்ராக்ட் மைத்துனருக்கு. செக்யூரிட்டி ஏஜென்சி மருமகனுக்கு, பாவம், அவருக்கும் ஏதாவது வேண்டாமா. சீருடைத் துணி மட்டும் வெளியாளிடம், நேர்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா. வருமான வரிச் சட்டம், டிரஸ்டிக்கும் அவர் சொந்தபந்தத்துக்கும் அறக்கட்டளைக் காசிலிருந்து ஆதாயம் போனால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு போச்சு என்று மிரட்டத்தான் செய்கிறது. ஆனால் நியாயமான தொகை என்றால் குற்றமில்லை. நியாயத்தை மதிப்பிட ஒரு மதிப்பீட்டாளர் இருக்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று கேட்பது நாகரிகமில்லை.

இந்த வாடகையெல்லாம் கடைசியில் மாணவன் தலையில்தான் விடியும். 2015-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தொழிற்கல்வி நிறுவனங்களின் கட்டணத்தை ஓர் ஆணையம், கல்லூரி காட்டும் செலவுக் கணக்கைப் பார்த்து முடிவு செய்கிறது. காட்டுகிற செலவையெல்லாம் ஆணையம் அப்படியே விழுங்கிவிடுவதில்லை. காட்டிப் பார்க்கக் காசா, பணமா?

இதையெல்லாம் தட்டிக்கேட்கத்தான் நிர்வாகக் குழு. காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் நிர்வாகத்தின் ஆட்களோடு ஆசிரியர்கள் இருவர், அரசுப் பிரதிநிதி, பல்கலைக்கழகப் பிரதிநிதி எல்லாரும் உட்கார வேண்டும். மற்றக் கல்லூரிகளுக்கு 2016-ஆம் வருஷத்து மகாராஷ்டிரப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு கல்லூரி வளர்ச்சிக் குழு என்று ஒன்றை வைத்திருக்கிறது. தேர்ந்தெடுத்த ஆசிரியர்கள், முன்னாள் மாணவர், மாணவர் பேரவைத் தலைவர் வரைக்கும் இடம் உண்டு. வருஷத்துக்கு நாலு தடவையாவது கூட வேண்டும். பட்ஜெட்டே இங்கேதான் தயாராக வேண்டுமாம்.

அப்படி ஒரு கூட்டத்துக்குள் எட்டிப் பார்ப்போம். ஊர் எதுவாகவும் இருக்கலாம். பதினொன்றரைக்குக் கூட்டம், அஜெண்டா கைக்கு வருவது பதினொன்று முப்பத்தைந்துக்கு, சாபுதானா வடையோடு. வெளிப் பிரதிநிதி பயணப்படிக் காகிதத்தில் வண்டி நம்பரை நிரப்பிக்கொண்டிருக்கிறார். ஒப்புதல் இல்லாமல் எழும்பிய நாலாவது மாடியை 'முறைப்படுத்த விண்ணப்பிப்பது' என்ற தீர்மானம், வடையின் முதல் விள்ளலுக்குள் நிறைவேறுகிறது. தலைவரின் தம்பி கம்பெனிக்கு வாடகையை ஏற்றும் தீர்மானம் சட்னி வருவதற்குள். மணிக்கணக்கில் கூலி வாங்கும் சி.எச்.பி. ஆசிரியர்களின் நிலுவை: 'நிதி நிலைமை சீரானதும் பரிசீலிக்கப்படும்.' பிறகு ஒரு பொருளில் கூட்டம் சூடு பிடிக்கிறது. வாசல் வளைவில் தலைவரின் தகப்பனார் சிலை மார்பளவா, முழு உருவமா? முக்கால் மணி நேரம் காரசாரமான விவாதம். ஜனநாயகம் செத்துவிட்டது என்று யார் சொன்னது? கடைசியில் முழு உருவம், குதிரை வேண்டாம் என்று ஒருமனதாக முடிவாகிறது. ஆசிரியர் பிரதிநிதி ஒருமுறை தொண்டையைக் கனைத்தார். அவர் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருப்பதைச் செயலாளர் அன்போடு நினைவூட்டினார். கனைப்பு நின்றது. அது மினிட்ஸில் ஏறவில்லை.

சிரிக்கலாம். ஆனால் இதே புனேயில், சிங்ஹகட் கல்விச் சங்கத்துக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் 2017-18-இல் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் வகுப்பைப் புறக்கணித்து உட்கார்ந்தார்கள். ஒரு நகரமே பார்த்தது. கட்டடங்கள் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தன. உள்ளே பாடம் நடத்துகிறவர் வீட்டு வாடகைக்குக் கடன் கேட்டு அலைந்தார். எந்தக் குழுவின் மினிட்ஸ் புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறது?

இந்த ஊர் எப்போதுமே இப்படியில்லை என்பதுதான் வயிறெரிகிற விஷயம். 1884-இல் இங்கே தொடங்கிய டெக்கான் கல்விச் சங்கத்தில் ஆயுள் உறுப்பினராகிறவர் மாதம் 75 ரூபாய்க்கு இருபது வருஷம் உழைக்க வேண்டும் என்பது கட்டுப்பாடு. அடுத்த வருஷம் ஃபெர்குசன் கல்லூரி வந்தது. கோபாலகிருஷ்ண கோகலே அங்கே பாடம் நடத்தியதோடு, விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய்க் கல்லூரிக் கட்டடத்துக்குப் பணம் தண்டினார். திலகர் 1890-இல் அந்தச் சங்கத்தை விட்டு விலகியதற்குப் பெரிய காரணம் என்ன தெரியுமா? ஆயுள் உறுப்பினர்கள் வெளி வேலை பார்க்கலாமா, வெளி வருமானம் பார்க்கலாமா என்ற தகராறு! இன்றைக்கு ஒரு டிரஸ்டி வெளி வருமானம் பார்க்கவில்லை என்றால்தான் உடம்பு சரியில்லையோ என்று ஊர் விசாரிக்கும்.

அதே கோகலே 1905-இல் இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். சேருகிறவர்கள் எனக்கென்று பணம் சம்பாதிக்கப் பாடுபடமாட்டேன் என்று உறுதி எடுக்க வேண்டும். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி அந்த வேலையை விட்டுவிட்டு 1907-இல் இந்த உறுதியை எடுத்தார். 1915-இல் கோகலே கண்ணை மூடியதும் சங்கத்தின் தலைவரானார். பிறகு 1930-இல், அந்தச் சங்கத்தின் நிழலில் கோகலே அரசியல் பொருளாதார நிறுவனம் பிறந்தது.

இப்போது அந்த நிழலில் நடப்பதைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் துணைவேந்தர் நீக்கம். விஷயம் உயர் நீதிமன்றம் போனது. அதே மாதம் வேந்தர் ராஜினாமா. 2025 ஏப்ரலில் அடுத்த வேந்தரை நீக்கிக் கடிதம். சில நாளில் அந்தக் கடிதமே வாபஸ். அதே ஏப்ரலில் சங்கத்தின் செயலாளரைப் போலீஸ் கைது செய்தது. நாக்பூரில் சங்கத்துக்கு இருந்த குத்தகை நிலத்தைச் சொந்த உரிமையாக மாற்ற, கல்வி நிறுவனத்தின் பணத்தில் 1.42 கோடி ரூபாய் போனது என்பது குற்றச்சாட்டு. உண்மையா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். கணக்கு என்னை உறுத்துவது வேறு விதத்தில். மாதம் 75 ரூபாய் வீதம் 1.42 கோடியைத் தொட கோகலே பதினைந்தாயிரத்துச் சொச்சம் வருஷம் பாடம் நடத்தியிருக்க வேண்டும். தேர்வுத்தாள் திருத்துவது தனி.

சொத்து விற்பனைக்கு வருவோம். மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டம் 1950-இலிருந்து இருக்கிறது. அதன் 36-ஆம் பிரிவின்படி அறக்கட்டளை நிலத்தை விற்கவோ, கட்டடத்தை மூன்று வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ சாரிட்டி கமிஷனரின் முன் அனுமதி வேண்டும். அற்புதமான பூட்டு. சாவி யாரிடம் என்பதில்தான் கதை.

புனே மாடல் காலனியில் ஒரு சமண மாணவர் விடுதி இருக்கிறது; சேட் ஹீராசந்த் நேமசந்த் அறக்கட்டளையுடையது, 1958-இலிருந்து வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படித்த இடம். வளாகத்துக்குள்ளேயே கோயில். நகரின் நட்டநடுவில் மூன்று ஏக்கருக்கு மேல். இப்படி ஓர் இடத்தில் பையன்கள் வாளியில் துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தால் எந்த டிரஸ்டிக்குத்தான் தூக்கம் வரும்? சுமார் 311 கோடிக்கு விலை பேசினார்கள். 2025 ஏப்ரலில் சாரிட்டி கமிஷனரின் அனுமதி வந்தது. அக்டோபரில் பத்திரம் பதிவானது. வாங்க வந்த கட்டுமான நிறுவனத்தின் பெயரும் கோகலேதான். காலத்துக்குக் குசும்பு ஜாஸ்தி.

ஒரு குழு கூடித் தீர்மானம் போட்டிருக்கிறது. ஒரு மதிப்பீட்டாளர் விலை எழுதியிருக்கிறார். ஓர் அதிகாரி பூட்டைத் திறந்துவிட்டார். ஒரு பதிவாளர் முத்திரை குத்தினார். சட்டம் சொன்ன எல்லாப் படியும் ஏறியாயிற்று, ஒரு படியில்கூட யாரும் 'பையன்கள் எங்கே போவார்கள்?' என்று தடுத்து நிறுத்தவில்லை. தடுத்தது தெரு. முன்னாள் மாணவர்கள் கூடினார்கள், துறவிகள் பட்டினி கிடப்போம் என்றார்கள், சமண மக்கள் ஊர்வலம் போனார்கள். உள்ளாட்சித் தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. அரசியல்வாதிகளுக்குத் திடீரென்று மாணவர் நலன் ஞாபகம் வந்தது. பில்டர், தான் கொடுத்த 230 கோடியைத் திருப்பித் தந்தால் போதும் என்று ஒதுங்கினார். அக்டோபர் முடிவதற்குள், தான் கொடுத்த அனுமதியைத் தானே ரத்து செய்தார் சாரிட்டி கமிஷனர். ஏப்ரலில் சட்டப்படி சரியாக இருந்தது அக்டோபரில் சட்டப்படி தவறாகிவிட்டது. நடுவில் மாறியது கூட்டத்தின் தலை எண்ணிக்கை ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். 1794-இல் இறந்த பச்சையப்ப முதலியார் உயில் எழுதிவைத்த பணம், பல வருஷம் வழக்கில் கிடந்து, 1842-இல்தான் பள்ளிக்கூடமாயிற்று. அந்த அறக்கட்டளையை நம் காலத்திலும் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளை வைத்துத்தான் கட்டிமேய்க்க வேண்டியிருந்தது. கொடுத்தவன் செத்துவிட்டால் சொத்துக்கு வாய் இல்லை. வாயுள்ளவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

ஜூன் பிறந்தால் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் அப்பாக்கள் பையனைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறார்கள். லேப் எங்கே, பிளேஸ்மென்ட் எத்தனை, சாப்பாட்டில் தயிர் உண்டா என்று கேட்கிறார்கள். கேளுங்கள், தயிர் முக்கியம். கூடவே இன்னும் இரண்டு கேள்வி. ஒவ்வொரு பொது அறக்கட்டளைக்கும் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. அறங்காவலர் யார், அசையாச் சொத்து எது என்று அதில் எழுதியிருக்கும். அதன் நகல் ஒன்று காட்டுவீர்களா? இந்தக் கட்டடம் அதில் இருக்கிறதா, இல்லையென்றால் நான் கட்டப்போகும் பணத்தில் வாடகை யார் வீட்டுக்குப் போகிறது?

கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் உங்களை நிமிர்ந்து பார்க்கும். மாதம் பன்னிரண்டாயிரம் வாங்குகிற பிள்ளை, அதன் மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். உள்ளே போன் போட்டு யாரிடமோ கேட்டுவிட்டு, மரியாதையாகவே சொல்லும்: "சார், அந்த மாதிரி பேரன்ட்ஸுக்கெல்லாம் சீட் ஃபுல் ஆயிடுச்சாம்."