கிரேஸ்கல் கோட்டை வழக்கும் பழவேற்காட்டுப் பாடு முறையும்: ஓர் ஆய்வு

1982-இல் அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம் ஹீ-மேன் பொம்மைகளைக் கடைக்கு அனுப்பியபோது, கூடவே கையகலச் சித்திரக்கதை ஒன்றையும் வைத்து அனுப்பியது. அதே ஆண்டில் டிசி காமிக்ஸும் கதையைக் கையிலெடுத்தது. 1983-இல் ஃபில்மேஷன் நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடர் வந்து 130 பாகங்கள் ஓடியது. 1986-இல் மார்வெலின் ஸ்டார் காமிக்ஸும் சேர்ந்துகொண்டது. தூர்தர்ஷன் வழியாக நம் வீடுகளுக்குள்ளும் ஹீ-மேன் நுழைந்தான். இத்தனை நடந்தும், இக்கதைகளின் மூலவழக்கைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று ஆராய்ந்தவர் எவருமிலர். அப்பெருங்குறை இத்துடன் நீங்குகிறது.

வழக்கு இது: கதையில் வரும் கிரேஸ்கல் கோட்டைக்குள் போக வேண்டும். இரண்டு பாதியாகக் கிடக்கும் வாளை ஒன்று சேர்த்தால்தான் கதவு திறக்கும். ஒரு பாதி ஹீ-மேன் பொம்மையோடு வரும். மறுபாதி வில்லன் ஸ்கெலிட்டர் பொம்மையோடு. கதையில் இருவரும் மோதிக்கொண்டார்கள். அடி விழுந்ததென்னவோ அப்பாக்களின் சட்டைப்பையில்.

இதே தகராறு பழவேற்காட்டில் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஏரியில் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இறால் விழாது. ஆகவே கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் பாடு என்றொரு முறை உண்டு. சுத்து வலை போடும் இடங்களைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, உரிமையுள்ளவர்களுக்கு முறை வைப்பார்கள். இன்று நல்ல இடம் உனக்கு, நாளை எனக்கு. திங்கள் ஹீ-மேன், செவ்வாய் ஸ்கெலிட்டர் என்று முறை வைத்திருந்தால் கதை மூன்றாம் பக்கத்தில் முடிந்திருக்கும்.

இங்கே ஒரு தடை எழலாம். பாடு ஊர்க்காரனுக்குத்தானே? முதல் சித்திரக்கதையின்படி ஸ்கெலிட்டர் வேற்றுலகத்தான். ஹீ-மேனோ காட்டுக் குலத்தை விட்டு வந்தவன். இரண்டு பேருமே வெளியூர்! பிறகு டிசி காமிக்ஸ் ஹீ-மேனை இளவரசன் ஆதாம் ஆக்க, தொடரும் அதை அப்படியே ஏற்றது. ரேஷன் அட்டையில் பெயர் சேர்ந்த பிறகு யார் கேட்பது?

நியாயப்படி உரிமை மெர்-மேனுக்கே. மீன் உடம்பும் கடல் தொழிலும் கொண்டவன் அவன் ஒருவனே. அவனைப் போய் வில்லன் ஆக்கியது கரைவாசிகளின் காழ்ப்பு. கோட்டை தரையில் அல்லவா இருக்கிறது என்பவர்கள், பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் மூடித் தரையாவதைப் பார்த்திராதவர்கள். 1984-இல் வந்த நண்டு வில்லன் கிளாஃபுல் மனுக் கொடுத்தால் ஏற்க வேண்டியதில்லை. கொடுக்கைக் கயிற்றால் கட்டிக் கூடையில் போட்டால் வழக்கு முடிந்தது. இவர்கள் உலகமான எட்டர்னியாவில் ஒரே ஒரு மீன்காரம்மா இருந்திருந்தால் அவனுக்கு இவ்வளவு புகழ் வந்திராது.

பாடு வந்தால் சண்டை நிற்கும். சண்டை நின்றால் பொம்மை விற்காது. அத்தனை பொம்மைகளுக்கிடையே ஒரு நாட்டாமை பொம்மை வராததன் காரணம் இதுவே. மாட்டெல் இனியாவது ஒன்று செய்யட்டும். கையில் வாள் வேண்டாம். சீட்டுக் குலுக்க ஒரு சொம்பு போதும்.