வெள்ளவத்தை விவசாயி

பாலாவிச் சந்தியில் கொழும்பு பஸ்ஸால் இறங்கி, கற்பிட்டி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குள் நம் வெள்ளவத்தைக்காரரை யாரும் காட்டித்தரத் தேவையில்லை. முதுகில் அவரை விடப் பெரிய பை. தலையில் வைக்கோல் தொப்பி; விலைச்சீட்டு நூல் இன்னும் அறுபடவில்லை. காலில் முழங்கால் வரை சப்பாத்து. கற்பிட்டியோ முழுக்க மணல். அங்கே வெங்காயப் பாத்திக்குள் செருப்போடு இறங்குகிறவனையே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

செலவில்லாமல் இயற்கைப் பண்ணையில் வாழ்ந்து பார்க்க வந்திருக்கிறார். லண்டனில் செயலாளராக இருந்த சூ கொப்பார்ட் என்ற பெண், வார இறுதியிலாவது கிராமத்துக் காற்று வேண்டுமென்று 1971இல் தொடக்கிவைத்த ஏற்பாடு இது. நாளுக்கு நாலைந்து மணித்தியாலம் தோட்ட வேலை. பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். காசு கைமாறாது. பெயர் 'வூஃப்'. நம்மவர் அதை விளக்கும்போதெல்லாம் தோட்டத்து நாய் எழும்பிப் பார்க்கிறது.

தொப்பி, சப்பாத்து, வெயில் கிறீம், நுளம்பு மருந்து எல்லாம் வாங்கிய காசுக்கு ஆலங்குடாக் கடற்கரையில் அறை எடுத்து நாலு நாள் டொல்பின் பார்த்திருக்கலாம். அந்தக் கணக்கை நாம் ஏன் கிளற வேண்டும்.

தோட்டக்கார நானாவை முதல் நாள் "அங்கிள்" என்கிறார். கிணற்றைக் கண்டதும் கண் கலங்கி, ஒரு வாளி அள்ளி வாயில் வைக்கப் போகிறார்.

"அதக் குடிச்சிராதீங்க தம்பி, பில்டர் தண்ணி உள்ளுக்கு இருக்கு."

வெங்காயத்துக்கும் கொச்சிக்காய்க்கும் வருசக்கணக்காகக் கொட்டின பசளை மணலில் தங்காமல் கீழே இறங்கி, ஆழமில்லாத கிணறுகளுக்குள் நைத்திரேற்றாய்க் குடியிருக்கிறது. நானா சேதனப் பசளைக்கு மாறியது கொள்கைக்காக அல்ல, கிணற்றுக்காக.

வேலை? சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் விட வேண்டும் என்றால், அவர் எழும்ப எட்டு மணி. வேலியோரக் கிளிரிசிடியாவில் கிளை வெட்டிப் பாத்திக்கு மூடாக்குப் போடச் சொன்னால், முதலில் ஒரு சொற்பொழிவு: இரு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்துவிட்டு, பிறகு உழவே வேண்டாம் என்று சொன்ன ரே விஜேவர்தன, சிலாபத்துக்குப் பக்கத்துக் காக்காப்பள்ளியில் இதே மரத்தை வைத்து என்னவெல்லாம் செய்து காட்டினார் என்று. எல்லாம் சரியான தகவல். சொல்லி முடித்து, கத்தியை எடுத்து, கிளையோடு வேலியையும் வெட்டிவிடுகிறார். பின்னேரம் அந்த வழியால் நாலு கழுதைகள் பீட்ரூட் பாத்திக்குள் வருகின்றன. அவர் விரட்டவில்லை, படம் எடுக்கிறார்.

படம் எடுப்பதுதான் அவர் உண்மையாகவே வியர்வை சிந்தும் வேலை. எந்தப் பக்கம் நின்றாலும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி உள்ளே வந்துவிடுகிறது. கடைசியில் களப்புப் பக்கம் திரும்பி, குந்தியிருந்து, இயற்கையைப் பிடிக்கிறார். பற்றரி முடிகிறது. நிலக்கரியில் 900 மெகாவாட் தருகிற அதே நிலையத்து மின்சாரத்தில் ஃபோன் மறுபடி உயிர் பெறுகிறது.

இரவு, சோறும் மீன் ஆணமும். தன் கையிலிருக்கும் இரண்டு கொப்புளங்களைப் பார்த்தபடி சொல்கிறார்: "நாடு முழுக்க ஓகனிக்குக்கு மாறணும், நானா."

நானா முள்ளை ஓரமாக வைக்கிறார். "மாறினதானே, தம்பி."

2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. நவம்பரில் அரசாங்கமே அந்தத் தடையைக் கைவிட்டது. வர்த்தமானி வந்ததென்று மாடு கூடுதலாகச் சாணி போடாது என்பதை மேலே யாரும் யோசிக்கவில்லை. இரண்டு கோடிப் பேர் பஸ் காசு கூட இல்லாமல் இயற்கைப் பண்ணையில் வாழ்ந்து பார்த்தார்கள். இதை விட மலிவான வூஃப் எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் காலையில் பையைக் கட்டுகிறார். நானாவின் மனைவி ஒரு பை நிறைய வெங்காயமும் கருவாடும் கட்டித் தருகிறாள். மகன் பஸ் வரை பையைத் தூக்கிக்கொண்டு வருகிறான். வழியில் கேட்கிறான்:

"அண்ணா, எனக்குக் கொழும்பில கொம்பியூட்டர் கோர்ஸ் ஒண்டு. மூணு மாசம். உங்கட வீட்டுல நிண்டு கூட்டித் துடைச்சு, கடை கண்ணிக்குப் போய் வாரன். சாப்பாடும் படுக்கையும் தந்தாக் காணும்."

அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்கிறார். விலைச்சீட்டு ஆடுகிறது.

"பிளாட் கொஞ்சம் சின்னது, தம்பி," என்கிறார். பஸ் வருகிறதா என்று பாலாவிப் பக்கம் எட்டிப் பார்க்கிறார். கற்பிட்டியிலிருந்து வரும் பஸ் மற்றப் பக்கத்தால் வருகிறது.