சனிக்கிழமை ஆறு மணிச் சலிப்பாளர்

அவருக்குச் சலித்துவிட்டது. நாம் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்வார். அலுவலகத்தில் சொல்வார், முடி வெட்டுகிறவரிடம் சொல்வார். “டிடெக்டிவ் கோனானா? விட்டுத் தள்ளுங்க. அரைச்ச மாவையே அரைக்கிறான்.” சனிக்கிழமை மாலை 6 மணி ஆனால் மட்டும் பேச்சு நின்றுவிடும். தொலைக்காட்சி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஜப்பானில் எந்த ஊரிலும் இவரைப் பார்க்கலாம். 1996 ஜனவரியில் இந்தத் துப்பறியும் அனிமே தொடர் ஆரம்பித்தது. ஏப்ரலில் இவர் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார். விஷ மாத்திரையால் சின்னப் பையனாகச் சுருங்கிப்போன குடோ ஷினிச்சியும், கோனான் என்ற பொய்ப் பெயரில், ஒன்றாம் வகுப்புதான். இவருக்கு முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. கோனானுக்கு ஒரு பல்கூட விழவில்லை. பொதுத் தொலைபேசியைத் தேடி ஓடிய பையன் இப்போது ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறான். வகுப்பு மட்டும் மாறவில்லை.

பிணம் விழுந்ததும் இவர் நேர்முக வர்ணனையைத் தொடங்கிவிடுவார். “சந்தேகம் மூணு பேர் மேல வரும் பாரு.” வரும். “இப்ப துப்பறிவாளர் மோரி கோகோரோ கழுத்துல ஊசி.” கைக்கடிகாரத்திலிருந்து மயக்க ஊசி பாயும், தூங்குகிற மனிதரின் குரலில் பையன் ஒளிந்திருந்து வழக்கை அவிழ்ப்பான். “இத்தனை ஊசி குத்தியும் அந்த ஆள் உயிரோட இருக்கானே, அதைத் துப்பறியச் சொல்லு!” குற்றவாளி மண்டியிட்டு அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான். வக்கீலைக் கூப்பிடுங்கள் என்று கேட்க அவனுக்குத் தோன்றுவதே இல்லை. (அரை மணி நேரத்தில் கொலைக்கு நியாயம் கிடைக்கிற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.)

2021 மார்ச்சில் ஆயிரமாவது அத்தியாயம் வந்தபோது மனிதர் கொதித்துப் போனார். 1996-இல் வந்த பியானோ கொலைக் கதையையே புதிதாக வரைந்து போட்டிருந்தார்கள். “ஆயிரம் தடவை பார்த்தவனுக்கு இதுதான் சீரா?” என்றார். அப்புறம் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டு ராத்திரி இரண்டு மணிவரை ஒப்பிட்டுப் பார்த்து, பழையதே மேல் என்று தீர்ப்புச் சொன்னார்.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. வாரம் ஒரு கொலை என்பது குற்றமில்லை. அந்த விஷ மாத்திரையைக் கொடுத்த கருப்பு அமைப்பு என்கிற மூலக்கதையைப் பரணில் ஏற்றிவிட்டு, எப்போதாவது இறக்கித் தூசி தட்டிக் காட்டுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். ஆஓயமா கோஷோ காமிக்ஸை வரையத் தொடங்கியது 1994-இல். அமைப்பின் தலைவன் பெயர் தெரிந்தது 2017 முடிகிற சமயத்தில். பெயர்தான் தெரிந்தது, ஆள் பிடிபடவில்லை.

“இதோட சரி” என்று பெயர் தெரிந்த அன்றைக்கும் சொன்னார். அடுத்த கோடையில் குடும்பத்தோடு தொத்தோரி மாகாணத்துக்குப் போனார். அங்கே விமான நிலையத்துக்கே கோனான் பெயர். ஆஓயமா பிறந்த ஊரில் கோனான் சிலையோடு எட்டுப் படம் எடுத்துக்கொண்டார். வருஷா வருஷம் வசந்தத்தில் வரும் கோனான் படத்தையும் விடுவதில்லை. 2024-இல் வந்த படம் 1,500 கோடி யெனுக்கு மேல் வசூலித்தது. அதில் மூன்று டிக்கெட் இவருடையது.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. “அப்பா, யாரு கொன்னது?” என்று கேட்கிறாள். பத்தாவது நிமிடமே அவருக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டார்.

வருகிற ஏப்ரலில் அவள் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். கோனான் போகவில்லை.