செயலாளருக்கு ஒரு பட்டப்பெயர்

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் சங்கச் செயலாளர் என்று ஒருவர் இருப்பார். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். லிப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகள் அத்தனையும் அவர் கைவண்ணம். மொட்டைமாடியில் வடாம் காயப்போடக் கூடாது. விருந்தாளி வண்டி உள்ளே வரக் கூடாது. மோட்டார் காலை 6 மணிக்கு மட்டுமே ஓடும். குழாய் காற்று விடுகிறதே என்று 6.35-க்குப் போய் நின்றால், "சர்க்குலர் பார்க்கலியா சார்?" என்பார். மோட்டார் அறைச் சாவி அவர் இடுப்பில்.

அவர் கொடுமையைப் பற்றி எல்லோரும் ஒருமனதாக இருக்கிறார்கள். பட்டப்பெயர் விஷயத்தில்தான் தகராறு.

மூன்றாம் மாடி மாமி 'ஹிட்லர்' என்கிறார். வடாம் போன வயிற்றெரிச்சல் நியாயம்தான். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் கோடிக்கணக்கான சாவுகள் இருக்கின்றன. வடாம் வழக்கு அவ்வளவு தாங்காது.

சட்டம் படிக்கும் பையன் கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்த டிராகோவை முன்மொழிகிறான். சில்லறைத் திருட்டுக்கும் மரண தண்டனை விதித்தவர். சின்னக் குற்றத்துக்கே அது தகும், பெரிய குற்றத்துக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று அகப்படவில்லை என்று அவர் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். செயலாளர் 200 ரூபாய் அபராதத்தோடு நிறுத்திக்கொள்ளும் கருணைசாலி.

முன்னாள் ராணுவக்காரர் ஒருவர் 'மார்ட்டினெட்' என்கிறார். பதினான்காம் லூயியின் காலாட்படைக்கு டிரில் சொல்லிக்கொடுத்துப் பிராணனை வாங்கிய பிரெஞ்சு அதிகாரி. விதியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 1672-ல் ஒரு முற்றுகையில் தம் பக்கத்துப் பீரங்கியாலேயே செத்தார் என்பார்கள். இந்தத் தகவலைச் செயலாளர் காதில் போடுவதில்லை என்று ஏற்பாடு.

சோவின் நாடகம் 1968-ல் மேடையேறியதிலிருந்து தமிழர்களுக்குக் கைவசம் உள்ள பெயர் 'துக்ளக்'. அதுவே இருக்கட்டும் என்று பலரும் ஒத்துக்கொண்ட வேளையில், தரைத்தளத்து வரலாற்று ஆசிரியர் சீறிவிட்டார். முகமது பின் துக்ளக் 1327-ல் தலைநகரை டெல்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றினான், சரி. பிறகு ஜனங்களைத் திரும்பிப் போகவும் விட்டான். வெள்ளிக்குப் பதில் செம்பு நாணயம் வெளியிட்டான். வீட்டுக்கு வீடு கள்ள நாணயம் அடித்தார்கள். அத்தனையையும் வாங்கிக்கொண்டு கஜானாவிலிருந்து நல்ல காசு கொடுத்தான்.

"தப்புன்னு தெரிஞ்சதும் அவன் மாத்திக்கிட்டான்யா! நம்மாளு மோட்டாரை அரை மணி தள்ளிப் போடுவாரா?"

யாரும் வாய் திறக்கவில்லை.

வாட்ச்மேனுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "ஐயா கறாரான ஆளு" என்று முடித்துக்கொள்வார். அரபியில் கிளம்பி உருது வழியாக வந்த சொல்; அங்கே அதற்கு ஒப்பந்தம் என்றும் பொருள் உண்டு. ஒப்பந்தத்துக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். சர்க்குலரில் இருப்பது ஒன்றுதான்.

ஆண்டுப் பொதுக்குழுவில், "செயலாளர் பதவிக்கு வேறு யாராவது நிற்கிறீர்களா?" என்று தலைவர் கேட்பார். மாமிக்கு அடுப்பில் பால் நினைவுக்கு வரும். ராணுவக்காரருக்கு முழங்கால் வலி. சட்ட மாணவன் செல்போனுக்குள் போய்விடுவான். வரலாற்று ஆசிரியர் வழிமொழிய, பழையவரே போட்டியின்றித் தேர்வாவார்.