பெடலியல்: பழைய அம்பாசிடரின் பஞ்சு பிரேக் குறித்து ஓர் ஆய்வு

உத்தரபாராவில் பிறந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரைப் பற்றி உருகி எழுதியோர் பலர். அதன் பிரேக் பெடலின் குணநலன்களை முறைப்படி ஆராய்ந்த நூல் எதுவும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. அக்குறை ஈண்டு நீக்கப்படுகிறது.

முதற்கண் முன்னோர் கொள்கை. "ரெண்டு தடவை பம்ப் பண்ணுங்க சார், மூணாவது மிதிக்கு நச்சுனு நிக்கும்" என்பது டிரைவர் மரபு. இம்மரபினர் இதைக் கோளாறாகக் கருதுவதில்லை. வண்டிக்கும் தமக்குமான அந்தரங்கமாகவே போற்றுகின்றனர். காரை இரவல் தரும்போது சாவியுடன் இவ்வுபதேசமும் கைமாறும். குறுக்கே வரும் எருமை மூன்றாவது மிதிவரை காத்திருக்குமா என்ற வினாவுக்கு இம்மரபில் விடையில்லை.

எதிர்த்தரப்பு, பட்டறை மரபு. பெடலுக்கு எது வந்தாலும் "ஏர் எடுத்துடலாம்" என்பதே அதன் ஒற்றை நூற்பா. இதில் பாதி உண்மை உண்டு. அடைபட்ட திரவத்தின்மேல் தரும் அழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லிவிட்டார். ஆயில் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். குழாய்க்குள் குமிழி புகுந்துவிட்டால், காலின் உழைப்பெல்லாம் அதை நசுக்குவதிலேயே கழிந்துவிடும்.

மறுபாதிதான் சிக்கல். மெத்தென்று அமுங்கி, பம்ப் செய்து மேலேறிய பின்னும் குழைந்தால் அது காற்று. பாதிக்கு மேல் ஆழப் போய், பிறகு கல்லாக நின்றால் அது ஷூவுக்கும் டிரம்முக்கும் விழுந்த இடைவெளி. பின்னதும் பம்ப் செய்தால் மேலேறும் என்பதால்தான் அறிஞர் பலர் இங்கே வழுக்கி விழுகின்றனர். அட்ஜஸ்டரைத் திருகி, ஷூ உரசும்வரை கொண்டுபோய், சக்கரம் விடுபட்டுச் சுழலும் அளவுக்குப் பின்வாங்கினால் தீரும் நோய்க்கு லிட்டர் கணக்கில் ஆயில் ஊற்றுவர். மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குமானால் அது மூன்றாவது வகை: எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. வண்டியை எடுக்காமல் டயர்களின் உட்புறம் ஈரமா என்று முதலில் குனிந்து பார்க்கவும்.

ஏர் எடுக்கும் சடங்கு வருமாறு. தூரத்துச் சக்கரம் முதலில். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது வழக்கமாகப் பின்னிடது. நிப்பிளில் மாட்டிய ட்யூபின் மறுநுனி, ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கும். வண்டிக்கடியிலிருந்து "அமுக்குடா" என்று குரல் வரும், உள்ளிருக்கும் பையன் அமுக்குவான், "பிடிச்சுக்கோ", பிடிப்பான், நிப்பிளைத் திறந்து மூடிய பிறகே "விடு". இந்த வரிசை பிறழ்ந்தால் வெளியேறிய காற்று அதே வழியில் திரும்பிவிடும். அவசரமாகக் குத்திக் குத்தி மிதித்தாலோ குமிழி நுரையாகிவிடும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை மிதிக்கவே கூடாது. உள்ளே பிஸ்டன் நெடுங்காலம் போகாத பகுதியில் துரு படிந்திருக்கும். அது வாஷரைக் கிழித்துவிடும். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைப்பது, மேற்படி இரு மரபிலும் இல்லாத நுட்பம்.

எல்லாம் செய்தும் குழைவு போகவில்லையா? ரப்பர் ஹோஸைச் சந்தேகிக்கவும். வயதான ஹோஸ் மிதிக்கும்போதெல்லாம் வீங்கும். ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு விரலால் பிடித்துப் பார்த்தால் தெரியும். மாற்றிவிட வேண்டியதுதான், ஒட்டுப் போடும் பேச்சே வேண்டாம்.

இனி குறிஞ்சித் திணை. சமவெளியில் ஒழுங்காயிருந்த பெடல் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது திடீரெனப் பஞ்சாவதுண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைக்குத் தர விதிப்படி குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதில் 205 டிகிரி செல்சியஸ், ஈரமேறினால் 140. டிரம் பழுக்கக் காய்ந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். வண்டி ஆறியதும் பெடல் ஒன்றும் அறியாததுபோல் நிமிர்ந்துவிடுவதால், அடிவாரத்து மெக்கானிக் உங்களைச் சந்தேகிப்பார். இரண்டு ஆண்டுக்கொருமுறை ஆயிலை மாற்றுவதும், செகண்ட் கியரில் இறங்குவதும் இத்திணைக்குரிய ஒழுக்கங்கள்.

பின்விளைவு ஒன்றையும் பதிவு செய்தாக வேண்டும். பிரேக் சீரான வண்டியை டிரைவர் மரபினரிடம் திருப்பித் தந்தால், அவர் பழக்க தோஷத்தில் முதல் மிதியையே பம்ப் என்று எண்ணி ஓங்கி மிதிக்கிறார். பின்சீட்டிலிருக்கும் மாமா முன்சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டு, "நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துட்டீங்களேப்பா" என்கிறார்.